வீடே பள்ளிக்கூடமான வருடம்

2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் பாடசாலைகளை மீண்டும் மூடுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை போனைக் காட்டி, "அக்கா, திரும்பவும் மூடியாச்சு" என்றாள். எனக்கு உடனே வந்த யோசனை படிப்பைப் பற்றியதல்ல. மூன்று பிள்ளைகளுக்கும் மத்தியானம் சாப்பாடு போட்டுக் கொடுப்பது யார் என்பதுதான்.

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஒன்றின் கரையோரம் இருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவில் கட்டிய வீடு. இவர் மேசன் என்றபடியால் கூலி மிச்சம். மூத்தவன் 2005 இல், சமாதான காலத்தில் பிறந்தவன். நடுவிலாள் 2008 இல், நாங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பிறந்தவள். சின்னவள் 2011 இல், மெனிக்பாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோது பிறந்தவள். வயதைச் சொன்னாலே எங்கள் சரித்திரமும் சேர்ந்து வந்துவிடுகிறது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும்.

அந்த வருடம் மூத்தவன் தரம் 11, சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். நடுவிலாள் தரம் 8. சின்னவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. முந்திய வருடம் மார்ச் மாதம் முதன்முதலாகப் பாடசாலைகளை மூடியபோது பிள்ளைகளுக்கு அது நீண்ட விடுமுறை மாதிரி இருந்தது. இரண்டாம் முறை அப்படி இருக்கவில்லை.

மே 21 ஆம் திகதி பயணத்தடை வந்தது. கட்டட வேலைகள் நின்றன. இவர் சாந்தகப்பையைக் கழுவி இறப்பில் செருகிவிட்டு முற்றத்தில் குந்தியிருந்தார். ஆடைத் தொழிற்சாலைகள் மட்டும் நடந்தன. நான் விடிய ஐந்தரைக்குப் பஸ் ஏறி, பின்னேரம் ஆறு மணிக்கு வந்து சேருவேன். வந்து பார்த்தால் நடுவிலாள் அடுப்படியில் நிற்பாள், மூத்தவன் போனில் விளையாடிக்கொண்டிருப்பான், சின்னவள் கொப்பியை விரித்தபடி அதன் மேல் தலைவைத்து நித்திரையாகியிருப்பாள். ஒருநாள் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்று கிழமையாக ஒரே பக்கம்தான்.

அன்றிரவு இவரிடம் வேலையை விடப்போகிறேன் என்றேன்.

"இப்ப உம்மட சம்பளம் மட்டும்தான் வீட்டுக்கு வருது. அதையும் விட்டா?"

அவர் கேட்டது நியாயம். தையல் மெசினுக்கு எடுத்த வாரக்கடனில் இன்னும் 14 தவணை இருந்தது. அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் அந்தச் சம்பளத்தைக் கணக்குப் பார்ப்பதுண்டு. ஆனாலும் ஜூன் நடுப்பகுதியில் விட்டுவிட்டேன். இவர் தெரிந்த ஒருவரின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, பின்னால் பெட்டி கட்டி, குளத்தில் திலாப்பியா எடுத்து ஊர் ஊராக விற்கத் தொடங்கினார். இருபது வருடம் சுவர் கட்டிய மனுசன். "மீன்... மீன்" என்று கூப்பிட முதல் இரண்டு நாளும் வெட்கப்பட்டு, ஹோர்னை மட்டும் அடித்துக்கொண்டு போனார். சனம் பாண்காரன் என்று நினைத்து வெளியில் வந்ததாம். நான் வீட்டில் முகக்கவசம் தைத்துக் கடைகளுக்குக் கொடுத்தேன்.

பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, நான் படித்தது எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது நான் எட்டாம் வகுப்பு. மழைக்குள் நாவற்குழிப் பக்கம் சனத்தோடு சனமாக நகர்ந்தபோது தலையில் சட்டி பானை மூட்டை, தோளில் புத்தகப் பை. பிறகு தென்மராட்சி, அங்கிருந்து கிளிநொச்சி, 1996 இல் அதையும் விட்டு அக்கராயன் பக்கம். மரத்துக்குக் கீழே வகுப்பு நடந்தது. ஒரு கொப்பியை முதலில் பென்சிலால் எழுதி, பிறகு அதன் மேலேயே பேனையால் எழுதினோம். பத்தாம் வகுப்பில் அப்பாவுக்கு மலேரியா வந்து படுத்துவிட்டார். அம்மா என்னை மிளகாய்த் தோட்டத்துக்குக் களை பிடுங்க அனுப்பினா. "கொஞ்ச நாளைக்குத்தான் பிள்ளை, கொப்பர் எழும்பினாப் போல திரும்பப் போகலாம்" என்று சொன்னா. அப்பா எழும்பினார். நான் திரும்பப் போகவில்லை. அம்மாவில் பிழை சொல்ல மாட்டேன். ஒரு நாளும் ஒருவரும் 'நீ இனிப் போகாதே' என்று சொல்லவில்லை. அது தன்பாட்டில் நின்றுபோனது.

வீட்டுப் படிப்பின் முதல் கிழமை முழுக்கச் சத்தமும் அழுகையும்தான். பின்னக் கணக்கு விளங்கவில்லை என்று சின்னவளை அடிமட்டத்தால் கையில் அடித்துவிட்டேன். உண்மையில் விளங்காமல் இருந்தது எனக்கு. அவள் கையைத் தடவிக்கொண்டு, "அம்மா, உங்களுக்குத் தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லுங்கோவன்" என்றாள். அதற்குப் பிறகு தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். ரொட்டியை நாலாக, எட்டாக வெட்டிப் பின்னம் பார்த்தோம். அளவு நாடாவில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர். இதை வைத்தே தசமம் முழுவதும் படித்தோம். விளங்காதவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்து ரீச்சரிடம் கேட்போம்.

ரீச்சர் இருந்தது வட்ஸ்அப்பில். ஒரு போன், மூன்று பிள்ளைகள். வீட்டில் சிக்னல் இல்லை. பின்னேரத்தில் குளக்கட்டுக்குப் போனால்தான் பாடங்கள் இறங்கும். அங்கே எங்களைப் போல் இன்னும் பத்துப் பேர் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜூலை 12 இலிருந்து சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது அதுவும் அடங்கிப்போனது. அவர்களுடைய கோரிக்கை சரியா பிழையா என்று நாங்கள் வாதாடவில்லை. ரீச்சரின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்தானே.

பயணத்தடை தளர்ந்திருந்த நேரம் அது. எங்கள் மாமரத்தடியில் ஆறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒருவன் பக்கத்து வீட்டு அக்காவின் மகன், சின்னவளின் வகுப்பு. அக்காவின் புருசன் 2009 இல் காணாமல் போனவர். அவர் கூலி வேலைக்குப் போய்த்தான் வீடு நடந்தது. அந்த வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லை. ஒழுங்கையின் முடிவில் இருக்கும் முன்பள்ளி ரீச்சர் கிழமையில் இரண்டு நாள் வந்து தமிழும் சுற்றாடலும் பார்த்தா. நான் கணிதம். ஒரு அம்மம்மா படிப்பிக்கவில்லை, ஆனால் தடியோடு பக்கத்தில் இருந்தா. அவ இருந்ததில்தான் ஒழுங்கு வந்தது.

ஓகஸ்ட் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அதற்கு நாலாம் நாள் நடுவிலாள் வந்து, வயிறு குத்துகிறது என்று சொல்லி அழுதாள். பெரியபிள்ளையாகிவிட்டாள். கடை இல்லை, பஸ் இல்லை, சொந்தக்காரர் ஒருவரும் வர ஏலாது. அக்காவும் ரீச்சரும் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து தண்ணீர் வார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்மாமனுக்குப் பிறகு படம் அனுப்பினோம். உளுத்தங்களிக்கு உளுந்து அக்கா கொண்டுவந்தா. நல்லெண்ணெய் முன்வீட்டு மாமியிடம் அரைப் போத்தல் கிடைத்தது. தைக்க வைத்திருந்த மெல்லிய பருத்தித் துணியை வெட்டி மடித்து அவளுக்குக் கொடுத்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும், வெட்கப்பட்டு மூலையில் ஈரத்தோடு ஒளித்து வைக்கக்கூடாது என்று சொன்னேன்.

எனக்கு அது 1996 இல் வந்தது, ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எட்டுக் குடும்பம் இருந்தபோது. அம்மா ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றா, அதற்குப் பின்னால் நான். என்ன நடக்கிறது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. செல் துண்டு ஏதோ உள்ளே பட்டுவிட்டதென்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். அதனால் மகளின் சுகாதாரமும் உடற்கல்வியும் புத்தகத்தை எடுத்து இரண்டு பேரும் அறைக்குள் இருந்து அந்தப் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தோம். அவள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பதில் சொன்னேன். அந்த வருடம் நான் படிப்பித்த பாடங்களில் ஒழுங்காகப் படிப்பித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான் இப்படி இரண்டு பெண்களோடு மினக்கெட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மூத்தவன் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

ஜூலை மாதம் பக்கத்து ஊரில் சீமெந்துக் கல் அரியும் இடத்துக்கு ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். "சும்மாதானே இருக்கிறன், போட்டு வாறன்" என்றான். நாள் சம்பளம் 1,200 ரூபா. முதல் நாள் பின்னேரம் சீமெந்துத் தூசியோடு வந்து காசை என் கையில் வைத்தான். அவன் என்னைவிட உயரமாகிவிட்டான் என்பதை அன்றுதான் கவனித்தேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நாளைக்குத்தானே தம்பி." சொல்லிவிட்டு அந்தக் காசுக்கு அரிசியும் சீனியும் வாங்கினேன். மறுநாள் அவன் தந்ததைக் கடன் தவணைக்கு எடுத்து வைத்தேன். என் வாயில் வந்தது அம்மாவின் வார்த்தை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது செப்டெம்பர் மாதம் ஒரு இரவில், அவனுடைய கணிதப் புத்தகத்தின் மேல் தூசி தட்டியபோது. அதற்குள் அவன் தனக்கென்று ஒரு போன் வாங்கிவிட்டான்.

ஒக்டோபர் 21 ஆம் திகதி சிறிய பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளைத் திறந்தார்கள். நவம்பரில் பெரிய வகுப்புகளையும் திறந்தார்கள். சின்னவள் துள்ளிக்கொண்டு போனாள். மூத்தவன் அசையவில்லை.

"சோதினை எழுதி என்ன செய்யிறது? அப்பா எழுதினவரே? நீங்கள் எழுதினீங்களே?"

நான் இருத்தி வைத்து மிளகாய்த் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். அம்மாவின் கதையைக் கேட்டு மகன் மனம் மாறினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "அது சண்டைக் காலம் அம்மா" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான்.

நடந்தது வேறு. இவர் கல்லரியும் இடத்து முதலாளியிடம் போய், சோதினை முடியும் மட்டும் என் மகனுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளியும் நல்ல மனுசன், கேட்டுக்கொண்டார். மகன் தகப்பனோடு பன்னிரண்டு நாள் கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அரை மனதோடுதான் போனான். கடன் தவணைக்கு என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு இவர், "நான் ரெண்டு தரம் மீனுக்குப் போறன்" என்றார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இதுதான் அவர் மகனுக்குச் சொன்ன புத்திமதி. நேரே சொல்லவும் இல்லை.

அந்தக் காலத்தில்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மலசலகூடம் கட்ட உதவி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் அத்திவாரம் போடப் போனார். கையாள் வரவில்லை. மூத்தவனைக் கூப்பிட்டார். அவனும் பேசாமல் போனான். நான் தேத்தண்ணீர் கொண்டு போனபோது இரண்டு பேரும் முளை அடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு நைலோன் கயிற்றை எடுத்து ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்று அடி, மற்றப் பக்கம் நாலு அடி அடையாளம் போட்டார். பிறகு அந்த இரண்டு அடையாளத்துக்கும் குறுக்கே அளந்தார். ஐந்து அடி ஒரு அங்குலம் வந்தது. "மூலை விரிஞ்சு போச்சு" என்று சொல்லி நூலைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். மீண்டும் அளந்தார். சரியாக ஐந்து.

"ஏன் அஞ்சு?" என்று மகன் கேட்டான். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு தகப்பனிடம் அவன் கதைத்த முதல் வார்த்தை.

"எனக்கு எப்பிடித் தெரியும்? மூத்த மேசன் காட்டித் தந்தவர். மூண்டு, நாலு, அஞ்சு எண்டா மூலை மட்டம். பெரிய வீடெண்டா ஆறு, எட்டு, பத்து."

அவன் சாந்துக் கையோடு வீட்டுக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தான். பைதகரசின் தேற்றம். ரீச்சர் அனுப்பிய குறிப்பில் நாங்கள் இரண்டு பேரும் மூன்று தரம் படித்து விளங்காமல் விட்டது. மூன்றின் வர்க்கம் ஒன்பது, நாலின் வர்க்கம் பதினாறு, கூட்டினால் இருபத்தைந்து, அது ஐந்தின் வர்க்கம். அவன் மண்ணில் கட்டம் கீறிக் காட்டினான். இவர் குந்தியிருந்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். இருபத்தைந்தும் வந்ததும் சிரித்துவிட்டு, "உதுக்குள்ள இப்பிடி ஒரு கணக்கு இருந்ததே" என்றார். அன்று அத்திவாரம் முடியப் பொழுதுபட்டுவிட்டது. அடுத்த நாள் காலையில் அவன் நான் எழுப்பாமல் எழும்பிப் பள்ளிக்கூடம் போனான்.

2022 ஜனவரி 22 ஆம் திகதி புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. சின்னவள் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவு. போன் இல்லாத வீட்டுப் பையன், அக்காவின் மகன், சித்தியடைந்தான். எனக்கு ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது அது போய்விட்டது.

பிறகு மின்வெட்டு. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மூத்தவனுக்கு மே மாதம் சோதினை. மெழுகுவர்த்தி வாங்கிக் கட்டாது. நான் ஒரு ஜாம் போத்தலை எடுத்து, அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாய்க்குள்ளால் நூல் திரி போட்டுக் கொளுத்தினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். வன்னியில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் நாங்கள் எல்லோரும் இதில்தான் படித்தோம் என்றேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. மூத்தவன் விளக்கின் ஒரு பக்கம், நான் மறுபக்கம் இருந்து தையல். பாடசாலைகள் திறந்தபடியால் சீருடைத் தையல் வந்திருந்தது. தொழிற்சாலைச் சம்பளத்தில் பாதிதான், ஆனால் கடைசித் தவணையை அந்தக் காசில் கட்டினேன்.

மே 23 ஆம் திகதி சோதினை தொடங்கியது. பெற்றோல் இல்லை. இவருடைய மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குள் நின்றது. மீன் வியாபாரமும் சைக்கிளுக்கு வந்துவிட்டது. மகன் ஏழு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் பரீட்சை நிலையத்துக்குப் போனான். கணிதப் பரீட்சையன்று விடிய இவர் மீனுக்குப் போகாமல் அவனோடு கூடவே சைக்கிளில் போய், வாசலில் விட்டுவிட்டு வந்தார். பெறுபேறு நவம்பர் 25 ஆம் திகதிதான் வந்தது. ஆங்கிலம் தவறிவிட்டது. தமிழ் ஏ. கணிதம் எஸ். ஆறு மாதம் காத்திருந்து வந்த அந்த எஸ்ஸைப் பார்த்து இவர் ஊரெல்லாம் ரொபி கொடுத்தார்.

மூத்தவன் உயர்தரம் படிக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின் இணைப்பு வேலை பழகி என்.வி.கியூ. 4 எடுத்தான். இப்போது கட்டட வேலை எடுக்கும்போது தகப்பன் சுவர், மகன் வயரிங். இடைக்கிடை இரண்டு பேரும் கோபம். நடுவிலாள் உயர்தரம். ரீச்சராக வரப் போகிறேன் என்று சொல்கிறாள், பார்ப்போம்.

சின்னவள் இப்போது தரம் 9. போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக, "அம்மா, அப்பான்ர அந்த மூண்டு நாலு அஞ்சுக் கயிறு எங்க?" என்று கேட்டாள். அது இரண்டு வருடமாகக் கிணற்றடியில் உடுப்புக் காயப்போடும் கொடியாக இருக்கிறது. தைத்துக் கழுவிய மூன்று சட்டையும் இவருடைய சாரமும் அதில் தொங்கின. எல்லாவற்றையும் எடுத்து வேலியில் போட்டுவிட்டு அவிழ்த்துக் கொடுத்தேன்.